தொப்பிக்கு வலிக்குமா?

சாத்தூர்க்காரன் என்று சொன்னதும் கேட்பவருடைய மனம் நேரே காராச்சேவுக்குப் போய்விடும். சற்றே வயதானவராயிருந்தால் வெள்ளரிப் பிஞ்சுக்கும், அதற்கும் மூத்தவராயிருந்தால், அபூர்வமாக, பேனா நிப்புக்கும் போகும். என் தகப்பனார் அந்த நிப்புத் தொழிலில் இருந்தவர். மெல்லிய தகட்டை வெட்டி, வளைத்து, நடுவே மயிரிழை போல் ஒரு பிளவு போட்டு, அதன் வழியே மை தாராளமாகவும் வழியக்கூடாது, வரத் தயங்கவும் கூடாது என்கிற பக்குவத்தைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்திப் பார்த்தே அறிந்துகொள்வார். பால்பாயிண்ட் பேனா வந்து ஊரிலிருந்த பட்டறைகளை ஒவ்வொன்றாக மூடவைத்த பிறகு அவர் எனக்கென்று விட்டுப்போனது ஒரு பூதக்கண்ணாடி மாத்திரமே. அதே கண்ணாடியைக் கொண்டுதான் இன்று நான் ஏர்பிரஷ்ஷின் ஊசிமுனையைச் சோதிக்கிறேன். 0.3 மில்லிமீட்டர் துவாரத்தில் உட்காருகிற அந்த ஊசி, முனையில் ஒரு தூசியளவு வளைந்திருந்தாலும், கோடு போடச் சொன்னால் கோழி கிளறிய குப்பையைப் போலத் தெறித்து வைக்கும்.

நான் தொழில் கற்றது கோவில்பட்டியில். காலண்டர்ச் சாமி படங்களில் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரையெல்லாம் ஆண்ட கொண்டைய ராஜு (1898–1976) வாழ்ந்து வரைந்த ஊர் அது. அவர் வரைந்து கொடுப்பார், சிவகாசி அச்சடித்து அனுப்பும். அவருடைய சீடர்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த ஒருவரிடம் நான் பிரஷ் கழுவினேன் என்பதற்கு மேல் எனக்கு அந்தப் பரம்பரையில் பாத்தியதை ஒன்றும் கிடையாது. பிறகு இருபது வருஷம் சாத்தூரில் கடைப்பலகை எழுதினேன். ஃபிளெக்ஸ் வந்தது, பலகை எழுதுகிறவன் வேலை போயிற்று. பைக் டாங்க்கில் சிங்கமும் சிறுத்தையும் ஸ்ப்ரே செய்து பிழைக்கலாம் என்று ஒரு சிறு கம்ப்ரசரும் ஏர்பிரஷ்ஷும் வாங்கினேன். பிழைப்பு, ஏதோ, நடக்கிறது.

போன சித்திரை மாதத்தில் ஒரு நாள் என் அக்காள் மகன், விருதுநகர் மாவட்ட டிவிஷன் லீக்கில் ஓர் அணிக்குத் தொடக்க ஆட்டக்காரன், வெள்ளைவெளேரென்ற கிரிக்கெட் தலைக்கவசம் ஒன்றையும் தன் கைபேசியையும் சேர்த்து நீட்டினான்.

"மாமா, இந்த ஆதிவாசி டிசைனை ஹெல்மெட்டைச் சுத்தி அடிச்சுக் குடுங்க. சும்மா தெறிக்கணும்."

பார்த்தேன். முக்கோண உடம்பும் குச்சிக் கைகால்களுமாக மனிதர்கள் வட்டமாய்க் கை கோத்து ஆடுகிற வார்லிச் சித்திரம். "இது யார் வரைஞ்சது?" என்றேன். "யாரோ மாமா. நெட்ல கெடந்துச்சு" என்றான்.

கிடந்தது என்கிற அந்த ஒரு வார்த்தைதான் என்னை உறுத்திற்று. மகாராஷ்டிரத்தின் வடகோடியிலே வார்லிப் பெண்கள் கல்யாண வீட்டில் செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவைக் கரைத்துச் சம்பிரதாயமாக எழுதிவந்த சித்திரம் அது. ஜீவ்யா சோமா மாஷே என்னும் வார்லிக்காரர் அதைச் சுவரிலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து உலகத்துக்கும் கொண்டுபோனார். 2011-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வார்லிச் சித்திரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும், காப்பிக் கோப்பையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தலையணை உறையிலும் அதை அச்சிட்டு விற்கிற வியாபாரிகளுக்கு அது கிடக்கிற சரக்குத்தான். நானும் ஒரு காலத்தில் ஒரு பலகாரக் கடைச் சுவரில் அதை எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன் என்பதை ஒளிப்பானேன்?

மருமகனுக்கு உபதேசம் பிடிக்காது, கிரிக்கெட் பிடிக்கும். ஆகவே கிரிக்கெட்டிலிருந்தே ஆரம்பித்தேன். "நம்ம நடராஜன் முதல் டி20 ஆடினது ஞாபகமிருக்கா?" என்றேன். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பர் 4-ஆம் தேதி கான்பெராவில் 30 ஓட்டம் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்ததை அவன் பந்து பந்தாகச் சொல்லக்கூடியவன். "அன்னிக்கு ஆஸ்திரேலியாக்காரன் போட்டிருந்த சட்டை?" என்று கேட்டேன். யோசித்தான். அந்தத் தொடரில் அவர்கள் அணிந்தது அந்நாட்டுப் பூர்வகுடியினரின் சித்திரம் தாங்கிய சட்டை. அதை வரைந்தவர்கள் ஃபியோனா கிளார்க்கும் கோர்ட்னி ஹேகனும், இருவருமே பூர்வகுடிப் பெண்மணிகள். அவர்களுள் ஃபியோனா கிளார்க், 1868-இல் இங்கிலாந்துக்குப் போய் ஆடிய பூர்வகுடி கிரிக்கெட் அணியில் இருந்த, வெள்ளைக்காரர்கள் 'மஸ்கிட்டோ', அதாவது கொசு, என்று பெயர் வைத்து அழைத்த கிரோங்கரோங் என்பவரின் வழிவந்தவர். ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன முதல் கிரிக்கெட் அணியே அதுதான். 47 ஆட்டங்களில் 14 வெற்றி, 14 தோல்வி, மற்றவை சமன். கிங் கோல் என்றழைக்கப்பட்ட ஓர் ஆட்டக்காரர் போன இடத்திலேயே நோயுற்று இறந்தார். அந்தச் சட்டையிலிருந்த ஒவ்வொரு வட்டத்துக்குப் பின்னாலும் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

தலைக்கவசத்துக்கே உதாரணம் வேண்டுமென்றால் ஐஸ் ஹாக்கிக்குப் போகவேண்டும். பனிச்சறுக்கு மைதானத்தின் கோல் காப்பாளர் முகமூடி அணியும் வழக்கம் நிலைபெற்றதே, 1959 நவம்பர் 1-ஆம் தேதி ஜாக் பிளான்ட் என்பவர் முகம் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு, முகமூடியோடுதான் திரும்புவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்த பிறகுதான். அதற்குப் பின் ஜெர்ரி சீவர்ஸ் என்பவர், பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கிற ரப்பர் வில்லை முகமூடியில் பட்ட இடத்திலெல்லாம், முகமூடி இல்லாவிட்டால் இங்கே இத்தனை தையல் விழுந்திருக்கும் என்று கறுப்பு மையால் தையல் படம் போட்டுக்கொண்டார். அந்த வேடிக்கையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கு ஒவ்வொரு கோல் காப்பாளரும் ஏர்பிரஷ் கலைஞரிடம் கொடுத்து வரைந்துகொள்கிற முகமூடிச் சித்திரக் கலை. மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி என்னும் புகழ்பெற்ற காப்பாளர், தம் மனைவியின் பூர்வகுடி வம்சத்தைக் கௌரவிக்க, 2023 நவம்பரில் கோல் ரெட்ஹார்ஸ் ஜேகப்சன் என்னும் டகோட்டாக் கலைஞர் வடிவமைத்த முகமூடி ஒன்றை அணிய விரும்பினார். லீக் நிர்வாகம் கூடாதென்றது. அபராதம் என்று மிரட்டிற்று. அவர் ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியில் அதை அணிந்துகொண்டு இறங்கினார்.

"அப்போ நம்ம யார்கிட்ட மாமா கேக்குறது?" என்றான் மருமகன். நல்ல கேள்வி. நீலகிரிக்குப் போகலாம், வெள்ளரிக்கொம்பையில் ஆலுக் குறும்பர்கள் பாறைச் சித்திர மரபைத் தொடர்ந்து வரைந்துவந்திருக்கிறார்கள், வேங்கை மரத்துப் பிசினும் இலைச்சாறும் மண்ணுமே அவர்களுக்கு வர்ணம். ஆனால் கரிசல் காட்டில் நின்றுகொண்டு மலையைப் பார்ப்பானேன் என்று தோன்றியபோதுதான், நாற்பது வருஷமாக நினைக்காத ஒன்று என் நினைவுக்கு வந்தது: என் அப்பத்தாவின் இடது முன்கை.

அந்தக் கையிலே ஒரு பச்சை குத்தியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு தேள். அதற்கும் மேலே, புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிற ஒரு கோலம். கோட்டை என்பாள் அதை. வயது ஏற ஏறக் கறுப்பு நீலமாகி, நீலம் பாசிப் பச்சையாகி, தோல் சுருங்கியதில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மத்தியானத்தில் அவள் திண்ணையில் சாய்ந்திருக்கும்போது என் சுட்டுவிரலைப் பிடித்து வாசலில் வைத்து, "உள்ள போயி ராசாவைப் பாத்துட்டு வா" என்பாள். நான் கோட்டை மிதிக்காமல் உள்ளே போய்த் திரும்புவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். நகைநட்டெல்லாம் ஒரு பஞ்சத்தில் அடகுக்குப் போய் மீளாத அவளுக்கு, செத்தாலும் யாரும் கழற்ற முடியாத ஆபரணம் என்று அந்தப் பச்சையின் மேலே ஒரு தனிப் பெருமை இருந்தது.

அதைக் குத்தியவள் வாசலுக்கு வந்த குறத்தி. ஊசிமணி பாசிமணி விற்கிற நரிக்குறவரையும் குறவரையும் ஒன்றென்று நினைப்போர் நம்மில் அநேகம். இரண்டும் வேறு வேறு சமூகம், பேச்சும் வேறு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் ஏழு பாகமாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், பச்சை மை செய்கிற விதத்தை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, எண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே ஒரு புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படிகிற கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைக்கவேண்டும். பல தையலூசிகளை நூலால் ஒன்றாகக் கட்டினால் அதுவே கருவி. இதைப் படித்தபோது, ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய என் சாமான்களை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, குறவர் சமூகத்தாரில் பெரும்பகுதியினரைப் பிறவிக் குற்றவாளிகளென்று பட்டியலில் ஏற்றி, கைரேகை எடுத்து, இன்ன ஊரைத் தாண்டக்கூடாது என்று சர்க்கார் கட்டிப்போட்டது. இந்த மாகாணத்தில் 1947-இல்தான் அது நீங்கிற்று. எங்கள் வீட்டுப் பெண்கள் கையை நீட்டி அழகு வாங்கிக்கொண்ட அதே கைகளைத்தான் தாணாவில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினார்கள். குறத்தியைக் கதாநாயகிக்குக் குறி சொல்லவைத்துக் குறவஞ்சி என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருக்கிற நாம், அவள் மகனைச் சந்தையில் கண்டால் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'குறவர் மரபால் தூண்டப்பட்ட சித்திரம்' என்று நோகாமல் ஒரு பெயர் கொடுத்துத் தலைக்கவசத்தில் அடித்துவிட எனக்குக் கை வரவில்லை.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனோம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்தத் திட்டில் மாரியம்மனுக்கு அன்றைக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வர்ணிக்கவேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு வர்ணித்துப் பயனில்லை. ஆற்று மணலில் குடை நட்டு, படப்பலகை சாத்தி, ஒரு மூதாட்டி பச்சை குத்திக்கொண்டிருந்தார். பலகை நிறைய சினிமா நடிகர் முகமும், கட்சிச் சின்னமும், அம்பு தைத்த இதயமும். கையிலே பேட்டரியில் ஓடுகிற மிஷின்.

"ஆத்தா, கோட்டை போடுவீகளா?" என்று கேட்டேன்.

மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எங்க ஆயா போடும் சாமி. இப்ப யாரு கேக்குறா அதை? எந்தக் கையில?"

"கையில இல்லே. இந்தத் தொப்பியில. நான்தான் போடப்போறேன், நீங்க சொல்லித் தரணும். உங்க சம்மதம் வேணும்."

தலைக்கவசத்தை வாங்கிப் புரட்டினார். கம்பி வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பக்கத்திலிருந்த மகளிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். பிறகு என்னிடம், "தொப்பிக்கு வலிக்குமா சாமி?" என்றார்.

வலிக்காது என்றேன். "அப்போ எப்படி நிக்கும்?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் உடனே விடையில்லை. கிளியர் கோட் என்று ஒன்று இருக்கிறது என்று ஆற்று மணலில் நின்றுகொண்டு விளக்கவா முடியும்?

அவரே மணலைச் சமன் செய்து, சுண்டுவிரலால் ஏழு வரிசை புள்ளி வைத்தார். புள்ளிகளுக்கிடையே கோடு ஓடியபோது விரல் ஓரிடத்திலும் நின்று யோசிக்கவில்லை. ஆயா போட்டதாம், இவர் போட்டதில்லையாம்! முடிகிற இடத்தில் மாத்திரம் ஒரு விரற்கடை விட்டு நிறுத்தினார். மருமகன் குனிந்து, "இதைச் சேக்க வேணாமா ஆத்தா?" என்றான். "அடைச்சுப்புட்டா உள்ள போன ஆளு எந்த வழியா வரும்?" என்றார் அவர்.

கூலிப் பேச்சில் அவர் மிகவும் தெளிவாயிருந்தார். ஒரு கைக்கு என்ன காசோ அதுதான் ஒரு தொப்பிக்கும். எத்தனை தலைக்குப் போடுகிறேனோ அத்தனை காசு. படம் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் இன்னொரு பச்சை குத்துகிறவரிடம் காட்டக்கூடாது. எழுத்தில் வேண்டுமா என்று கேட்டேன். "மாரியாத்தா பாத்துக்கிட்டுத்தானே இருக்கா" என்றார். ஒப்பந்தம் என்றால் அதுதான் ஒப்பந்தம்.

இனித் தொழில் விஷயம். முதற் காரியமாக நான் செய்தது ஒரு முட்டாள்தனம். பைக் டாங்க்கைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கை, தலைக்கவசத்தின் பிளாஸ்டிக் ஓட்டையும் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டது. மறுநாள் காலையில் வெயிலில் திருப்பிப் பார்த்தால், முன்விளிம்பில் சிலந்தி வலையாக மெல்லிய கீறல்கள். தின்னர் தகட்டுக்கு ஒன்றும் செய்யாது, பிளாஸ்டிக்குக்கு விஷம். வர்ணம் பூசாதே, கரைப்பான் படவிடாதே என்று உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டை நான் படித்திருக்கவில்லை. அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு என் கைக்காசில் வேறொன்று வாங்கினேன். இம்முறை ஃபைபர் ஓடு. வாங்குமுன்பே செய்தவர்களுக்கு எழுதி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் மாத்திரம் பூசலாமென்று பதில் பெற்றுக்கொண்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் தலைக்கவசத்தைக் கேட்காமல் தொடவேண்டாம்.

கம்பி வலையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, 800 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பை மட்டும் போக்கி, உள்பக்கமும் காற்றுத் துளைகளும் மாஸ்கிங் டேப்பால் மூடி, அப்பத்தாவின் தோல் நிறத்தில் ஓர் அடிப்பூச்சுப் போட்டேன். அந்த நிறத்தைக் கலக்க ஒரு முழு நாள் ஆயிற்று. கறுப்பென்று சொல்ல முடியாது, பழுப்பென்றும் சொல்ல முடியாது, நல்லெண்ணெய் தேய்த்த கருங்காலிப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கு நீலமும் கறுப்பும் துளி மஞ்சளும். பால் பதத்துக்குத் தண்ணீர். காற்றழுத்தம் 20 பவுண்டுக்குச் சற்றுக் கீழே. விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வர்ணம். சாத்தூர் வெயிலில் ஊசிமுனையில் வர்ணம் ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை காய்ந்து அடைத்துக்கொள்ளுமாதலால், விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, லாரிகள் கரிசல் புழுதியைக் கிளப்புவதற்குள் முடித்துக்கொள்வேன்.

கோடு கூர்மையாக வரவேண்டும் என்பதுதான் ஏர்பிரஷ்காரன் பெருமை. ஆனால் அப்பத்தாவின் கோடு கூர்மையாகவா இருந்தது? ஓரம் பூத்து, தோலுக்குள் கசிந்து, பனியில் தெரிகிற வேலி மாதிரி இருந்தது. அதற்காக முனையை இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து, கோட்டை வேண்டுமென்றே மங்க விட்டேன். பிரஷ்ஷுக்கும் பேனாவுக்கும் இயலாத, இந்தக் கருவிக்கு மாத்திரம் சித்திக்கிற லட்சணம் இந்தக் கசிவு. அமெரிக்காவில் அப்னர் பீலர் என்பவர் 1870-களில் முதல் ஏர்பிரஷ்ஷைச் செய்தார் என்றும், சார்லஸ் பர்டிக் 1893-இல் அதை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார் என்றும் சரித்திரம் சொல்கிறது. ஆனால் வர்ணத்தை ஊதிப் படியவைக்கிற வித்தை அவர்களுடையதல்ல. இந்தோனேஷியாவின் சுலவேசித் தீவுக் குகை ஒன்றில், பாறையில் கையை விரித்து வைத்து, சுற்றிலும் செங்காவியை ஊதி எடுத்த கையுருவத்துக்கு வயது ஏறத்தாழ 40,000 ஆண்டு என்று 2014-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஆதிகுடிகளின் சித்திரத்தை நவீனக் கருவியால் வரைகிறேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இடமில்லை, கருவியும் அவர்களுடையதே.

கோட்டையின் வாசலை எந்தத் திசையில் வைப்பது என்று மருமகனைக் கேட்டேன். "பந்து வர்ற பக்கம் வச்சுராதீங்க மாமா" என்றான். பின்னந்தலையில் வைத்தேன்.

படம் முடிந்ததும் இருக்கன்குடிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். மூதாட்டி கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஏழாம் வரிசையில் நகத்தால் தொட்டு, "இங்க ஒரு புள்ளி கொறையுது" என்றார். எண்ணினேன், குறைந்தது. நான் தினமும் பார்த்து வரைந்த புகைப்படத்தில் அது இருக்கிறது! திரும்பிவந்து அதை வைத்த பிறகே மேல்பூச்சுப் போட்டேன்.

தலைக்கவசம் ஐப்பசி மாதம் மைதானத்துக்கு இறங்கிற்று. முதல் ஆட்டத்தில், ஏழாவது ஓவரில், எழும்பி வந்த ஒரு பந்தை ஹூக் செய்யப் போய், மருமகன் அதை இடது காதுக்கு மேலே வாங்கினான். தலைக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். தலைக்கவசத்தில் மூன்றாம் வரிசைப் புள்ளிகளின் மேலே ஓர் அரைநிலாச் சிவப்புத் தடம், அதிலிருந்து ஒரு விரிசல். அடி வாங்கிய கவசத்தை மறுபடி அணியக்கூடாது என்பது அந்தத் தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்லுகிற விதி. அப்பத்தா கையில் அறுபது வருஷம் இருந்து அவளோடு கரையேறிய கோட்டை, என் கையால் ஏழு ஓவர் நின்றது.

அதை இப்போது என் பட்டறையில், தகப்பனாரின் பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மருமகன் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அவனுடைய அணியில் இன்னும் மூன்று பேருக்கும் அதே கோட்டை வேண்டுமாம். நான்கு தலை; நான்கு காசு. தை பிறந்ததும் இருக்கன்குடிக்குப் போய்வரவேண்டும்.